அண்மைப் பார்வையும் சேய்மைப் பார்வையும்

திருச்சிராப்பள்ளியிலிருந்து சென்னைக்குச் செல்லும் நெடுஞ்சாலையில், பெரம்பலூரைக் கடந்து சிறிது தூரம் வடக்கே சென்றதும் வருகின்ற வாலிகண்டபுரம், தன் பெயரிலேயே பார்வையைத் தாங்கி நிற்கும் ஊர். கிஷ்கிந்தையின் அரசனாகிய வாலி இவ்விடத்தில் சிவபெருமானைக் கண்டு வழிபட்டான் என்பது தல ஐதிகம். ஆதலால் இங்குள்ள சோழர் காலத்துக் கோயிலில் எழுந்தருளியிருக்கும் இறைவனுக்கு வாலீசுவரர் என்பது திருநாமம். அருணகிரிநாதரின் திருப்புகழில் வாலிகொண்டபுரம் என்று வழங்கும் இப்பெயர், ஊர்மக்களின் நாவிலே வாலிகண்டபுரம் என்று நிலைபெற்றுவிட்டது. காண்பதையே பெயராகக் கொண்ட இவ்வூரையும் இதன் சுற்றுப்புறத்தையும் முன்னிட்டு, முதுமையில் மங்கிய கண்ணுக்கு ஒளியை மீட்டுத் தரும் கலை வளர்ந்த சரித்திரத்தையும், அந்தச் சரித்திரத்தின் பயனாக இன்று ஒவ்வொரு முதியவர் முன்னும் வந்து நிற்கும் ஒரு கேள்வியையும் ஆராய விரும்புகிறேன். கண்புரையை அகற்றிவிட்டுக் கண்ணுக்குள் வைக்கப்போகும் வில்லை, கிட்டத்தைத் தெளிவாகக் காட்ட வேண்டுமா, தூரத்தைத் தெளிவாகக் காட்ட வேண்டுமா என்பதே அந்தக் கேள்வி.

இன்று பேருந்துகள் விரைந்து கடந்துவிடும் இவ்வூர், ஒரு காலத்தில் அதிகாரத்தின் இருப்பிடமாக விளங்கியது. பதினேழாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பீஜப்பூர் சுல்தானின் பிரதிநிதியாக ஷேர்கான் லோடி இங்கிருந்து ஆண்டான். புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர் குடியேறுவதற்கு 1670களில் இடம் அளித்தவன் அவனே. 1677இல் சிவாஜியின் படையெடுப்பு அவனுடைய ஆதிக்கத்தை முடித்துவைத்தது. பின்னர் 1751இல், சந்தா சாகிபின் சேனை பிரெஞ்சுத் துணையோடு தெற்கு நோக்கி வந்தபோது, அதைத் தடுப்பதற்காகக் கேப்டன் ஜிஞ்சன்ஸ் தலைமையில் வந்த ஆங்கிலப் படை இவ்வூருக்கு அருகே எதிர்த்து நின்று, மனந்தளர்ந்து, ஊட்டத்தூர் வழியாகத் திருச்சிராப்பள்ளிக்குப் பின்வாங்கிற்று. அருகிலுள்ள இரஞ்சன்குடிக் கோட்டையின் உச்சியில் ஏறி நின்றால், அந்நாளில் அங்கே காவல் நின்றவனுக்கு எத்தகைய கண் வேண்டியிருந்தது என்பது உடனே விளங்கும்: தொலைவில் எழும் புழுதி மாட்டு மந்தையால் எழுந்ததா, குதிரைப் படையால் எழுந்ததா என்று பகுத்தறியும் கண் அவனுக்கு உயிர் காக்கும் கருவி. அதே கோட்டையின் கீழே அமர்ந்து, நெல்லும் வரியும் எவ்வளவு என்று கணக்கெழுதியவனுக்கோ மடிமேல் இருக்கும் ஏட்டைத் தெளிவாகக் காட்டும் கண்ணே பிழைப்பு. அண்மையைக் காணும் கண், சேய்மையைக் காணும் கண் என்ற இரண்டும் இரண்டு தொழில்களாக, இரண்டு வாழ்க்கைகளாக அந்நாளிலேயே பிரிந்து கிடந்தன.

இளமையில் ஒரே கண் இவ்விரண்டையும் செய்யும். கண்ணுக்குள் இருக்கும் இயற்கையான வில்லை, பார்க்கும் பொருளுக்கு ஏற்பத் தடித்தும் மெலிந்தும் உருமாறிக் கொடுப்பதே அதன் காரணம். நாற்பது வயதை ஒட்டி அந்த வில்லை இறுகத் தொடங்குகிறது. புத்தகத்தை எட்டப் பிடித்தால்தான் எழுத்துத் தெரியும் என்ற நிலை வருகிறது. இதற்கு நம் முன்னோர் வெள்ளெழுத்து என்றும் சாளேசுரம் என்றும் பெயரிட்டு வழங்கினர். பி. கே. கோடே என்னும் ஆராய்ச்சியாளர், விஜயநகரத்து மத்வ ஆசாரியராகிய வியாசராயர் முதுமையில் கண்ணாடியின் துணைகொண்டு ஏடு வாசித்ததை அவருடைய சரிதத்திலிருந்து எடுத்துக்காட்டி, பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே மூக்குக்கண்ணாடி தென்னாட்டை எட்டிவிட்டது என்று நிறுவ முயன்றார். அது அரசவையோடு தொடர்புடைய ஆசாரியருக்குக் கிட்டிய பொருள். உழுது வாழ்ந்த குடிமகனோ வெள்ளெழுத்தை வயதின் இயல்பாக ஏற்றுக்கொண்டு, ஊசியில் நூல் கோக்கப் பேரப்பிள்ளையை அழைத்தான்.

வெள்ளெழுத்துக்கு அப்பால் வருவது புரை. இறுகிய வில்லை நாளடைவில் தெளிவையும் இழந்து, முதலில் மஞ்சளாகவும் பின்னர்ப் பழுப்பாகவும் வெண்மையாகவும் மாறிக் கண்மணியின் வாயிலையே அடைத்துவிடுகிறது. படலம் என்றும் காசம் என்றும் நம் வைத்திய நூல்கள் இதையும் இதைச் சார்ந்த நோய்களையும் குறித்தன. நாகமுனிவர் பெயரால் வழங்கும் நயனவிதி கண்ணோய்களை 96 என்று வகுத்துக் கூறுகிறது. வைத்தியம் கைகொடாத இடத்தில் பக்தி கைகொடுத்தது. வெள்ளித் தகட்டில் செய்த கண்மலரைச் சமயபுரத்து மாரியம்மனுக்குச் சாத்துவதாக நேர்ந்துகொண்டு நடந்த கூட்டத்தில், பெரம்பலூர்ச் சீமையிலிருந்து சென்ற எத்தனையோ மூதாட்டிகள் இருந்திருப்பார்கள்.

ஆயினும் புரைக்கு ரணசிகிச்சை செய்யும் முறை நம் நாட்டில் மிகப் பழமையானது. சுசுருத சம்ஹிதையின் உத்தர தந்திரம் அதை ஒரு நாடகக் காட்சிபோல விவரிக்கிறது. நோயாளி தன் மூக்கையே பார்த்துக்கொண்டு அசையாமல் அமர்ந்திருக்க, வைத்தியர் சலாகை என்னும் கூரிய கருவியை வெள்விழியின் ஓரத்தில் செலுத்துவார்; சரியான இடத்தில் பட்டால் ஒரு சிறு ஒலியும் நீர்த்துளியும் தோன்றும்; தாய்ப்பாலைக் கண்ணில் தெளித்து நோவை ஆற்றுவார்; பின்பு நெய் தோய்ந்த பஞ்சால் கண்ணைக் கட்டி நோயாளியைப் படுக்க வைப்பார்; அவன் தும்மலாகாது, இருமலாகாது, ஏப்பமும் விடலாகாது. இம்முறையில் மங்கிய வில்லை வெளியே எடுக்கப்படுவதில்லை. கண்மணியின் நேரிலிருந்து பெயர்த்துக் கண்ணின் அடியில் தள்ளப்படுகிறது. வாயிலை அடைத்த கதவு விலகியதும் ஒளி உள்ளே பாயும். கட்டவிழ்த்தவுடன் நோயாளி விரல்களை எண்ணுவான், எதிரே நிற்பவரின் உருவத்தை அறிவான். ஆனால் ஒளியைக் குவிக்கும் வில்லை தன் இடத்தில் இல்லாமையால், கிட்டத்துப் பொருளும் தூரத்துப் பொருளும் அவனுக்கு ஒருங்கே கலங்கித் தோன்றும். இருளா வெளிச்சமா என்பதே அன்றைய வினா. அண்மையா சேய்மையா என்று கேட்பாரும் இல்லை, கேட்பதற்கு இடமும் இல்லை.

காவிரிக் கரையில் இக்கலைக்கு ஒரு புதிய ஆதரவு தோன்றியது. தஞ்சையை 1798 முதல் 1832 வரை ஆண்ட இரண்டாம் சரபோஜி மன்னர், சுதேச வைத்தியத்தோடு ஐரோப்பிய வைத்தியத்தையும் பரிவோடு கற்றவர். தன்வந்திரி மகாலை நிறுவி, கண்ணோயாளிகளின் நிலையையும் அவர்களுக்குச் செய்த சிகிச்சையையும் குறிப்பெடுக்கச் செய்து, நோயுற்ற கண்களை வண்ணச் சித்திரங்களாகவும் எழுதுவித்தார். சரஸ்வதி மகால் நூல்நிலையத்தில் காக்கப்பட்டுவரும் அவ்வேடுகள், ஒரு நோயாளியின் கண் எப்படி இருந்தது, என்ன செய்யப்பட்டது, பிறகு என்ன ஆயிற்று என்று மறவாமல் பதிவு செய்யும் மனப்பான்மை நம் மண்ணில் முளைவிட்டதற்குச் சாட்சி. அவர் காலத்திலேயே, 1819இல், சென்னையில் கண் ஆஸ்பத்திரி ஒன்று தொடங்கப்பெற்றது. பின்னர் எழும்பூருக்கு மாறி இன்றளவும் நடைபெறும் அந்நிலையம், உலகத்தின் மிகத் தொன்மையான கண் மருத்துவமனைகளுள் ஒன்று.

ஆனால் எழும்பூர் எங்கே, வாலிகண்டபுரம் எங்கே! சந்தைதோறும் அலைந்து திரிந்த கண் வைத்தியர்களே கிராமத்து மக்களுக்கு எட்டினர். வைத்தியர் கூலியை வாங்கிக்கொண்டு அடுத்த ஊருக்குப் போனபின், குத்திய கண்ணில் சீழ் பிடித்தும் உள்ளழுத்தம் ஏறியும் பலர் கிடைத்த ஒளியை மீண்டும் இழந்தனர். 1904 முதல் 1914 வரை சென்னைக் கண் ஆஸ்பத்திரியின் தலைவராக இருந்த ராபர்ட் ஹென்றி எலியட், இவ்வாறு கெட்ட கண்களோடு தம்மிடம் வந்தவர்களை ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்து, 1917இல் லண்டனில் அதைப் பற்றியே சொற்பொழிவுகள் நிகழ்த்தினார். அவருடைய எழுத்தில் நாட்டு வைத்தியர்மேல் கண்டனம் மிகுதி. ஆனால் எட்டாத தூரத்தில் ஆஸ்பத்திரியையும் எட்டும் தூரத்தில் நாடோடி வைத்தியரையும் பெற்றிருந்த ஏழை, வேறு எதைத் தேர்ந்திருக்க முடியும்?

மங்கிய வில்லையைப் பெயர்த்துத் தள்ளாமல் வெளியே எடுத்துவிடும் முறையை, 1747இல் பிரான்சு தேசத்து ஷாக் தாவியேல் கையாண்டு வழிகாட்டியிருந்தார். அம்முறை செம்மையுற்று நம் மாவட்டங்களுக்கு வந்து சேர ஏறத்தாழ இரு நூற்றாண்டுகள் கழிந்தன. 1934இல் திருச்சிராப்பள்ளியில் நிறுவப்பெற்ற ஜோசப் கண் மருத்துவமனை இப்பகுதி மக்களுக்குப் பெருந்துணையாயிற்று. பிற்காலத்தில் பள்ளிக்கூடங்களிலும் சத்திரங்களிலும் கண் சிகிச்சை முகாம்கள் நடைபெறலாயின; 1976இல் மத்திய அரசின் பார்வையிழப்புத் தடுப்புத் திட்டம் தொடங்கியபின் அவை பெருகின. பாயை விரித்து வரிசையாகப் படுத்திருந்த முதியவர்கள், கட்டவிழ்க்கும் நாளில் பெற்றுக்கொண்டது ஒரு தடித்த மூக்குக்கண்ணாடி. ஊரார் அதைச் சோடாபுட்டி என்று அழைத்தனர்.

அந்தக் கண்ணாடியின் கதை நம் கேள்விக்கு மிக நெருக்கமானது. எடுத்த வில்லைக்கு ஈடாக ஏறக்குறைய பத்து டயாப்டர் (வில்லையின் வலிமையை அளக்கும் அலகு) வலிமை அதற்குத் தேவைப்பட்டது. அது பொருள்களைக் கால் பங்குக்கும் மேலாகப் பெருக்கிக் காட்டியது. படிக்கட்டு இருக்கும் இடம் ஒன்று, தோன்றும் இடம் வேறு. பக்கவாட்டில் ஒரு வளையம் முழுவதும் மறைந்து, அதற்குள்ளிருந்து மாடும் மனிதரும் திடீரென்று குதித்து வருவதுபோலத் தோன்றினர். ஒரு கண்ணில் மட்டும் சிகிச்சை பெற்றவருக்கு இரு கண்களின் காட்சிகளும் பொருந்தாமல் தலை சுற்றியது. இவ்வளவுக்கும் அக்கண்ணாடி பெரும்பாலும் தூரத்தைக் காண்பதற்கே அமைந்தது. கிட்டத்துக்கு அதனினும் தடித்த வேறொன்று வேண்டும். முகாமில் ஒன்று கிடைப்பதே அரிது. ஆகவே அரிசியில் கல் பொறுக்கும் பாட்டி, அடுத்த ஊர்க் கோபுரத்தைக் கண்டாள்; முறத்தில் கிடந்த கல்லைக் காணவில்லை. அவளுக்காகத் தேர்வு நடந்துவிட்டது. தேர்ந்தவர் யார் என்று அவளுக்குத் தெரியாது. அந்தக் கண்ணாடியும் உடைந்துவிட்டால், சிகிச்சையே நடவாததுபோல அவள் மீண்டும் திண்ணையில் அமர்ந்தாள்.

இந்நிலையை மாற்றிய நிகழ்ச்சி லண்டனில் நடந்தது. இரண்டாம் உலக யுத்தத்தில் விமானங்களின் முன்கவசத்துச் சில்லுகள் பாய்ந்து சில விமானிகளின் கண்களுக்குள் தங்கிவிட்டன. பெர்ஸ்பெக்ஸ் என்னும் அப்பொருள் கண்ணைப் புண்படுத்தாமல் அமைதியாகக் கிடப்பதைக் கவனித்த ஹரால்டு ரிட்லி, அதனாலேயே ஒரு வில்லையைச் செய்வித்து, 1949 நவம்பர் 29ஆம் நாள் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் ஒரு பெண்மணியின் கண்ணில் பொருத்தும் பணியைத் தொடங்கினார். சிகிச்சை நிறைவேறியது; ஆனால் அந்தக் கண்ணின் பார்வை ஏறக்குறைய இருபது டயாப்டர் அளவுக்குக் கிட்டப்பார்வையாய் முடிந்தது. இயற்கை வில்லையின் வளைவைப் பின்பற்றிச் செய்த அந்தச் செயற்கை வில்லை, தன் பொருளின் இயல்பால் ஒளியை மிகுதியாக வளைத்துவிட்டது. கண்ணுக்கு ஐந்து சென்டிமீட்டர் அருகே இருப்பதன்றி அவருக்கு வேறெதுவும் கண்ணாடியின்றித் தெளிவுபட வழியில்லை. ரிட்லி பல காலம் சக வைத்தியர்களின் எதிர்ப்பைத் தாங்கினார். முதுமையில் தாமே புரைக்குச் சிகிச்சை பெற்று, அதே மருத்துவமனையில் தம் கண்களில் வில்லை பொருத்திக்கொண்டார். 2000இல் இங்கிலாந்தின் வீரப்பட்டமும் அவரை வந்தடைந்தது. முதல் வில்லையின் அந்தப் பிழையோ வரலாற்றில் ஒரு பெரிய உண்மையை உணர்த்தி நிற்கிறது: வில்லையை உள்ளே வைத்தால் மட்டும் போதாது, எவ்வளவு வலிமையுள்ள வில்லை என்று முன்கூட்டியே அறிய வேண்டும்.

அவ்வறிவு படிப்படியாக வந்தது. 1967இல் ரஷ்யாவின் பியோதரோவ் வில்லையின் வலிமையைக் கணக்கிடும் சூத்திரத்தை வெளியிட்டார். செவிக்குப் புலனாகாத ஒலியலையைச் செலுத்திக் கண்ணின் நீளத்தை அளக்கும் கருவி பரவியது. 1980இல் மூன்று வைத்தியர்களின் முதலெழுத்துகளால் எஸ்.ஆர்.கே. என்று பெயர்பெற்ற எளிய சூத்திரம் பிறந்தது. கண்ணின் நீள அளவில் ஒரு மில்லிமீட்டர் பிழைத்தால் பார்வையில் இரண்டரை டயாப்டருக்கு மேல் பிழைக்கும். அந்த ஒரு மில்லிமீட்டரை வென்ற பிறகே, எந்தத் தூரம் தெளிவாக இருக்க வேண்டும் என்று முன்னதாகத் தீர்மானிக்கும் சுதந்திரம் மனிதனுக்கு வாய்த்தது.

அச்சுதந்திரத்தை ஏழையின் வீட்டு வாயிலுக்குக் கொணர்ந்த பெருமையில் தமிழ்நாட்டுக்குப் பெரும் பங்கு உண்டு. முடக்குவாதத்தால் விரல்கள் கோணிய நிலையிலும் கத்தியைப் பிடிக்கப் பழகிக்கொண்ட டாக்டர் கோ. வெங்கடசாமி, அரசுப் பணியிலிருந்து ஓய்வுபெற்ற 1976இல், மதுரையில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். வெளிநாட்டு வில்லை நூறு டாலரை ஒட்டிய விலைக்கு விற்ற காலத்தில், 1992இல் அங்கே நிறுவப்பெற்ற ஆரோலேப் அதைப் பத்து டாலர் அளவிலேயே செய்து கொடுத்தது. 1994இல் உலக வங்கியின் துணையோடு தமிழ்நாடு உட்பட ஏழு மாநிலங்களில் தொடங்கிய கண்புரை ஒழிப்புத் திட்டமும் வில்லை பொருத்தும் முறையை ஊக்குவித்தது. ஒரே தலைமுறைக்குள் சோடாபுட்டி மறைந்தது. "லென்ஸ் வைத்த ஆபரேஷன்" என்பது கிராமத்துப் பேச்சில் கலந்துவிட்டது.

இப்போது நாம் கேள்விக்கு வருகிறோம். சாதாரணமாகப் பொருத்தப்படும் வில்லை ஒரே தூரத்துக்கு உரியது. இளமையின் வில்லைபோல உருமாறாது. தூரத்துக்கு அமைத்தால் சாலையும் முகங்களும் வானமும் தெளிவாகும், வாசிப்பதற்குக் கண்ணாடி வேண்டும். கிட்டத்துக்கு, அதாவது இரண்டரை டயாப்டர் கிட்டப்பார்வையாக அமைத்தால், நாற்பது சென்டிமீட்டர் தொலைவில் ஏந்திய புத்தகம் வெறுங்கண்ணுக்குத் தெளிவாகும், தெருவில் இறங்கக் கண்ணாடி வேண்டும். எதிரே வந்து பொருதவனுடைய வலிமையில் பாதியைப் பெறும் வரம் படைத்த வாலி, அண்மையில் எவராலும் வெல்லப்படாதவன். சேய்மையில் மறைந்து நின்று எய்த அம்பையோ அவனால் காண முடியவில்லை. எல்லா வரத்துக்கும் ஓர் எல்லை உண்டு, வில்லைக்கும் அப்படியே.

பெரும்பாலான இடங்களில், வேறு விருப்பம் சொல்லப்படாவிட்டால், தூரத்துக்கே வில்லை அமைக்கிறார்கள். அதற்கு நியாயம் உண்டு: நடமாட்டத்துக்குத் தூரப்பார்வை பாதுகாப்பு, வாசிக்கும் கண்ணாடி மலிவாகக் கிடைப்பது. ஆனால் இச்சீமையில் வாழ்வோரை எண்ணிப் பாருங்கள். பெரம்பலூர் மண் சின்ன வெங்காயத்துக்குப் பேர்போனது. களத்து நிழலில் அமர்ந்து நாள் முழுவதும் வெங்காயத்தின் தாளையும் வேரையும் அரியும் மூதாட்டிக்கு உலகம் என்பது கைக்கும் கண்ணுக்கும் இடைப்பட்ட இரண்டு சாண். பச்சைமலையை அடுத்த அரும்பாவூரில், 2020இல் புவிசார் குறியீடு பெற்ற மரச்சிற்பங்களைச் செதுக்கும் ஸ்தபதிக்கு, தெய்வத்தின் கண்ணைத் திறக்கும் உளிமுனை தெளிய வேண்டும். தரிசில் ஆடு மேய்ப்பவருக்கோ தொலைவில் பிரிந்துபோகும் குட்டியைக் காண வேண்டும். வாலிகண்டபுரத்தில் நெடுஞ்சாலையைக் குறுக்கே கடந்து கோயிலுக்குச் செல்பவருக்கு, வரும் லாரியின் தூரம் தெரியாவிட்டால் உயிருக்கே அபாயம். இவர்கள் அனைவருக்கும் ஒரே விடை எப்படிப் பொருந்தும்?

இளமை முதல் கிட்டப்பார்வை உடையவர்கள் இன்னும் கவனமாக யோசிக்க வேண்டும். தூரத்துக்குக் கண்ணாடி அணிந்தும், படிக்கும்போது அதைக் கழற்றியும் ஐம்பது ஆண்டு பழகியவர், தூரத்துக்கு வில்லை அமைத்துக்கொண்டால், கண்ணாடியைக் கழற்றிப் படித்த அந்த நெடுநாளைய சுகத்தை இழந்துவிடுவார். சிகிச்சை பிழையின்றி முடிந்தும் மனக்குறை எஞ்சும். ஒரு கண்ணைத் தூரத்துக்கும் மற்றதைக் கிட்டத்துக்கும் அமைக்கும் முறை ஒன்று உண்டு. இரண்டையும் மூளை இணைத்துக்கொள்ளும், ஆயினும் எல்லாருக்கும் அது ஒத்துவருவதில்லை. ஆதலால் காண்டாக்ட் லென்ஸ் அணிவித்து முன்னரே சோதித்துப் பார்ப்பது நல்லது. ஒளியைப் பகிர்ந்து இரு தூரத்துக்கும் அளிக்கும் பன்முக வில்லைகளும் வந்துள்ளன. அவற்றின் விலை அதிகம், இரவில் விளக்குகளைச் சுற்றி வளையங்களும் சிலருக்குத் தோன்றும். முதல் கண்ணின் அனுபவத்தைக் கேட்டறிந்து இரண்டாம் கண்ணுக்குத் தீர்மானிப்பதும் விவேகமான வழி.

இத்தீர்மானத்துக்குத் தமிழிலேயே ஓர் இடர் இருக்கிறது. கிட்டப்பார்வை என்றால் கிட்டத்தில் மட்டும் தெரிவது என்பது வைத்திய வழக்கு. கிட்டத்தில் தெரியாத குறை என்று கொள்வோரும் உண்டு. ஆகவே அச்சொற்களை வைத்துக் கேட்பதைவிட, "அம்மா, கண்ணாடி போடாமல் உங்களுக்கு எது தெரிய வேண்டும்? கையில் இருக்கும் வெங்காயமா, ரோட்டில் வரும் பஸ்ஸா?" என்று கேட்பதே சரியான கேள்வி. அதைக் கேட்க இரண்டு நிமிஷம் ஆகும். முகாமின் நெரிசலில் அந்த இரண்டு நிமிஷமே முதலில் பலியாகிறது என்பது என் வருத்தம்.

சலாகையைப் பிடித்த வைத்தியர் விரல்களைக் காட்டி எத்தனை என்று கேட்டார்; சோடாபுட்டியைக் கொடுத்தவர் தெரிகிறதா என்று கேட்டார்; ரிட்லியின் காலத்திலோ என்ன கேட்க வேண்டும் என்பதே தெளிவாகவில்லை. என்ன பார்க்க விரும்புகிறீர்கள் என்று கேட்கும் ஆற்றலை அடைவதற்கு மனித குலம் இத்தனை நூற்றாண்டுகள் நடந்து வந்திருக்கிறது. சமயபுரத்துக்குக் கண்மலர் நேர்ந்துகொண்டு நடந்த மூதாட்டி, அம்மனிடம் கண்ணைக் கேட்டாளேயன்றி, எந்தக் கண் என்று பிரித்துக் கேட்கத் துணிந்தாளில்லை. அவளுடைய பேத்தி இன்று மருத்துவமனை பெஞ்சில் அமர்ந்திருக்கிறாள். அவளைக் கேட்காமலே விடையை எழுதிவிடலாகாது.